சித்தப்பாவின் எஞ்சினுக்குப் புது மோட்டார் – கடிதம்

வணக்கம் ஐயா,

அருவங்காடு ஃபேக்டரியில் வேலை பார்த்த என் சித்தப்பா, இங்கிலாந்திலிருந்து கிட் வரவழைத்து, தானே சால்டர் வைத்துக் கட்டிய, கரண்டில் ஓடும் மாடல் ரயில் நீராவி எஞ்சின் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆறு சக்கரம், 16.5 மி.மீ. பாதை. மோட்டார் மூடியில்லாத பழைய வகை, காந்தக் கட்டி வெளியே தெரிகிறது. கரண்ட் கொடுத்தால் முனகுகிறது, விட்டுவிட்டு நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் சுட்டுக் கருகல் வாடை வருகிறது. எந்த மோட்டார் வாங்கலாம்? மாற்றினால் அது அவர் கட்டிய எஞ்சினாக இருக்குமா என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சுமை கூடினால் எந்த மோட்டாரும் முனகும், சுடும். அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் கருகும், பழையதைவிடச் சீக்கிரமாகவே, ஏனென்றால் இப்போது வருகிற சின்ன மோட்டார்களுக்கு, முக்கியமாக கோர்லெஸ் (சுற்றும் பாகத்தில் இரும்பு இல்லாத) வகைக்கு, சூட்டை வாங்கிக்கொள்ளும் கனம் கிடையாது.

மோட்டாரை முழுசாகக் கழற்றி எடுங்கள். அதற்குள் கம்பி சுற்றிச் சுழலும் ஆர்மேச்சரை மட்டும் வெளியே உருவ வேண்டாம், இந்தப் பழைய காந்தங்கள் அப்படி வெறுமனே இருந்தால் பலம் குறைந்துவிடும். வார்ம் (மோட்டார் தண்டில் இருக்கும் திருகு போன்ற பல்) விலகியதும் சேஸிஸை (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை) ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு பக்கம் லேசாகத் தூக்குங்கள். தானாக உருண்டு வர வேண்டும். நம் ஊர் ஈரத்திலும் குளிரிலும் வருடக்கணக்கில் அலமாரியில் இருந்த எஞ்சின் என்றால் ஆக்சில் துளைகளில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் கழுவி, காய்ந்த பிறகு, தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையளவு போதும். அப்புறமும் உருளாவிட்டால் பக்கவாட்டில் சக்கரங்களைச் சேர்க்கும் ராடுகளைக் கழற்றிப் பாருங்கள். ராடு இல்லாமல் சக்கரம் தாராளமாகச் சுற்றினால் கோணம்தான் பிரச்சினை: ஒரு பக்கத்து கிராங்க் பின்னுக்கும் (ராடு மாட்டும் முளைக்கும்) மறுபக்கத்துப் பின்னுக்கும் 90 டிகிரி இடைவெளி வேண்டும், அதைவிட முக்கியம், மூன்று ஆக்சிலிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் ஆக்சிலில் மயிரிழை நழுவியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் பிடிக்கும். நீங்கள் சொல்லும் ‘விட்டுவிட்டு’ இதுவாகவே இருக்கலாம்.

பிறகு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். கம்யூட்டேட்டரை (கரண்ட் கொடுக்கும் பிரஷ்கள் உரசும் செம்புப் பகுதியை) துடைத்து, அதன் துண்டுகளுக்கு நடுவில் அடைந்த கரியைப் பல்குச்சியால் எடுத்துவிட்டு, 12 வோல்ட் கொடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள். சுமையே இல்லாமல் அரை ஆம்பியருக்கு மேல் இழுத்தால் காந்தம் தளர்ந்திருக்கிறது அல்லது கம்பிச் சுருள் போயிருக்கிறது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள்.

முன்பு கிட் கட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஜப்பானின் மஷிமா மோட்டார்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. 12 வோல்ட் கேன் மோட்டார் (உலோகக் கூட்டுக்குள் மூடிய வகை) எதுவானாலும் சரி, ஆனால் வேகத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நிமிடத்துக்கு 15,000 சுற்று மோட்டார், 40-க்கு 1 கியர் (மோட்டார் 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 20 மி.மீ. சக்கரம் என்றால், 1:76 அளவில், அதாவது நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு அளவில், அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்குச் சமம். சரக்குப் பெட்டி தள்ளுகிற சின்ன எஞ்சினுக்கு அந்த வேகம் பார்க்கவே சகிக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து நம் நீலகிரி மலை ரயில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரில் ஏறி வருவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மெதுவாக ஓடுவதுதான் அழகு. சுற்று குறைந்த மோட்டார் தேடுங்கள், அல்லது 60-க்கு 1 கியர் போடுங்கள்.

ஷாஃப்ட் பழைய வார்மின் துளையைவிட மெலிதாக இருந்தால் நடுவில் பித்தளை ஸ்லீவ் வேண்டும். வார்மும் கியரும் இறுக்கிக் கடிக்கக்கூடாது, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நடுவில் வைத்துப் பொருத்தி, பிறகு உருவிவிடுங்கள். இன்னொன்று, பழைய மோட்டாரில் பெரும்பாலும் ஒரு பிரஷ் நேரே சேஸிஸோடு சேர்ந்திருக்கும், தனி ஒயர் இருக்காது. புது மோட்டாருக்கு இரண்டு ஒயர் வேண்டும், ஒன்றைச் சேஸிஸில் பற்றவையுங்கள். இதைச் செய்யாமல் மோட்டார் ஓடவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

மனசு அடித்துக்கொள்வது பற்றி. குன்னூர் ஷெட்டில் நிலக்கரியில் ஓடிய, நம் மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்கள் சிலவற்றை எண்ணெய்க்கு மாற்றினார்கள். அவற்றை வேறு எஞ்சின் என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் சித்தப்பாவின் கை இருப்பது அந்தச் சால்டர் இணைப்புகளிலும் அவர் நிறுத்திய சக்கரங்களிலும்தான், மோட்டார் அவர் கடையில் வாங்கியது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இடம் பற்றவில்லை என்று பாடியை அராவாதீர்கள், சேஸிஸை வெட்டாதீர்கள். சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் திருகுத் துளையிலேயே ஒரு பித்தளைத் தகட்டை வளைத்து மாட்டி அதில் மோட்டாரை நிறுத்தலாம். பழைய மோட்டாரை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஷாஃப்ட் விட்டம், பாடிக்குள் இருக்கும் நீளம், அகலம், உயரம், கியரின் பல் எண்ணிக்கை, இவற்றை அளந்து எழுதுங்கள். எது பொருந்தும் என்று சொல்கிறேன்.