வயிற்றுக்குள் நரம்புக் கட்டியா? ஊசிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: வயது 52. சிறுநீரகக் கல் இருக்குமோ என்று எடுத்த ஸ்கேனில், முதுகெலும்பை ஒட்டி 5 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. வலி இல்லை. சிடி ரிப்போர்ட்டில் 'நரம்பு உறைக் கட்டியாக இருக்கலாம், சார்கோமாவையும் (தசை, கொழுப்பு போன்ற மென்திசுவில் வரும் புற்றுநோய்) ஒதுக்க முடியாது' என்று இருக்கிறது. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிகிறது. புற்றுநோய்தானா? பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: முதலில் அந்தப் 'பளிச்'. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும். ஷ்வானோமா என்ற சாதாரண நரம்பு உறைக் கட்டியும் சில சமயம் புற்றுநோய் அளவுக்கே சர்க்கரையை உறிஞ்சும். அந்தப் படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து இந்தக் கட்டி வளர்கிறது. தலை, கழுத்து, கை கால்களில்தான் வழக்கமாகப் பார்ப்போம். வயிற்றின் பின்புறத்தில் அபூர்வம். அங்கே தாராளமாக இடம் இருப்பதால், மெதுவாக வளரும் கட்டி எதையும் அழுத்தாமல் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். நாளாக ஆக உள்ளே நீர் கோக்கும், ரத்தம் கசியும், சுண்ணாம்பு படியும். அப்படிப் பழசாகிப்போன கட்டிதான் ஸ்கேனில் சார்கோமா மாதிரி பயமுறுத்துவது.

எம்ஆர்ஐ எடுக்கவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். கட்டி எந்த நரம்போடு ஒட்டியிருக்கிறது, முதுகெலும்புத் துளைக்குள் நுழைந்திருக்கிறதா என்பது சிடியைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், ஊசி குத்துவதற்கு முன் மறக்கக் கூடாத ஒன்று. இதே இடத்தில், ஏறக்குறைய இதே தோற்றத்தில், பாராகாங்லியோமா என்ற கட்டியும் வரும். அது அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கக்கூடியது. தெரியாமல் அதில் ஊசி பட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறிவிடலாம். ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அந்த ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் படுத்திருப்பது நல்லது. சாப்பிடும் மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். சில மனச்சோர்வு மாத்திரைகள் அளவைக் கூட்டிக் காட்டும். தலைவலி, படபடப்பு, திடீர் வியர்வை எதுவும் இல்லையே என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அறிகுறியே இல்லாமலும் அந்தக் கட்டி இருக்கும்.

சரி, பயாப்ஸி. சிடி படத்தைப் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக, ஒரு மெல்லிய வெளிக்குழாய் வழியே செலுத்திய ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தால், ஊசி போன வழியில் கட்டி பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது இந்த வகைக் கட்டிக்குப் போதாது. பழைய ஷ்வானோமாவில் செல்களின் உட்கரு கோணல்மாணலாக இருக்கும். நாலு செல்லை மட்டும் பார்ப்பவர் புற்றுநோய் என்று எழுதிவிடலாம். துணுக்காக இருந்தால், நரம்பு உறைச் செல்களை அடையாளம் காட்டும் எஸ்100, சாக்ஸ்10 சாயங்களைப் போட்டுப் பார்க்கலாம். ஷ்வானோமாவில் அநேகமாக எல்லாச் செல்லும் எஸ்100 சாயத்தை ஏற்கும். நரம்பு உறைப் புற்றுநோயில் அது திட்டுத் திட்டாகத்தான் ஏறும், சிலவற்றில் ஏறவே ஏறாது. முடிவில் சந்தேகம் இருந்தால், மென்திசுக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் இன்னொரு நோயியல் மருத்துவரிடம் அதே கண்ணாடித் தகடுகளைக் காட்டலாம். கேட்டால் ஆய்வகத்தில் கொடுப்பார்கள். தயங்க வேண்டாம்.

உங்கள் உடம்பில் பால்காப்பி நிறத் தேமல்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தாலோ, தோலில் மெத்தென்ற சிறு கட்டிகள் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) இருந்தாலோ முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் வகை நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்குத்தான் நரம்பு உறைப் புற்றுநோய் பற்றிய கவலை அதிகம். கட்டி வேகமாகப் பெரிதாவது, ராத்திரியில் எழுப்பும் வலி, காலில் புதிதாக வரும் மரத்துப்போதல் அல்லது பலவீனம், இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

ஷ்வானோமா என்று உறுதியானால் உடனே கத்தி வைத்தாக வேண்டும் என்பதில்லை. தொந்தரவு தராத கட்டியைச் சில மாதங்கள் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்துக் கவனித்து வரலாம். அறுவை தேவைப்பட்டால், நரம்பைக் காப்பாற்றி உறைக்குள்ளிருந்து கட்டியை மட்டும் உருவி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சார்கோமா என்று நினைத்து அகலமாக வெட்டினால் காலுக்குப் போகும் நரம்பும் சேர்ந்து போய்விடலாம். பயாப்ஸி முடிவு வருவதற்கு முன் அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.