வாயுள்ள பிள்ளை

கேள்வி: அயர்லாந்தின் முன்னாள் கார்ப் பந்தய வீரர் டெரெக் டேலி பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன். ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல், டிவியில் வர்ணனை செய்து, வாயை வைத்துப் பிழைத்தவர்தானே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வக்கீல், வாத்தியார், ஏலம் போடுகிறவர், எல்ஐசி ஏஜென்ட், கல்யாணத் தரகர், மந்திரி எல்லாரும் வாயை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். பல் டாக்டர் ஒரு படி மேலே போய், அடுத்தவர் வாயை வைத்துப் பிழைக்கிறார். இவர்களிடம் போய் இதே கேள்வியை நீங்கள் கேட்கமாட்டீர்கள், குறிப்பாக மந்திரியிடம். டப்ளின்காரர் திண்டுக்கல் வரப்போவதில்லை என்ற தைரியம்தானே?

டேலி 1953இல் பிறந்தவர். கார் ஓட்ட ஆசை இருந்தது, காசு இல்லை. நண்பர் டேவிட் கென்னடியோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய் இரும்புத் தாதுச் சுரங்கத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கென்னடியும் பின்னால் அயர்லாந்து டிவியில் பந்தய வர்ணனைக்கு வந்துவிட்டார். அந்தச் சுரங்கத்தில் இரும்பு மட்டும் இல்லை போலிருக்கிறது.

சுரங்கக் காசு வீண்போகவில்லை. 1976இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், வளரும் ஓட்டுநர்களுக்கான ஃபார்முலா ஃபோர்டு திருவிழாவில் முதலிடம். 1977இல் பிரிட்டனில் ஃபார்முலா த்ரீ பட்டம். மறுவருடமே உச்சப் படியான ஃபார்முலா ஒன். அங்கே 49 பந்தயங்கள் ஓட்டி, மொத்தம் 15 புள்ளிகள். அதிகபட்சம் நாலாவது இடம், அதுவும் 1980இல் இரண்டு தடவை. ஆனால் ‘ஒரு பந்தயம்கூட’ என்று நீங்கள் எழுதியது தப்பு. அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை 1990, 1991 என்று அடுத்தடுத்து நிசான் அணியோடு ஜெயித்திருக்கிறார்.

பட்டியலைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கத்தோடு எனக்குப் பழைய பகை. எங்கள் அலுவலகத்திலேயே ஓர் உதவி ஆசிரியர் இருக்கிறார். எந்த ஆட்டக்காரர் பெயரைச் சொன்னாலும் சராசரியைச் சொல்வார். மனிதர் எப்படி ஆடினார் என்று கேட்டால் மறுபடியும் சராசரியையே சொல்வார். அவருக்காகவே அடுத்த பத்தியை நீட்டி எழுதுகிறேன்.

மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயம், 1980. தொடங்கி முதல் வளைவு. டேலியின் டிரெல் கார் முன்னால் போன ஜியாகொமெல்லியின் காரில் மோதி ஆகாயத்தில் எழும்பி, மற்றவர்கள் தலைக்கு மேலே பறந்து, இறங்க இடம் கிடைக்காமல் சொந்த அணிக்காரர் ஜாரியேயின் கார்மீதே விழுந்தது. ஒரே அணியின் இரண்டு காரையும் ஒரே ஆள் சில விநாடிகளில் காலி செய்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இந்தக் காட்சியை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். அவருடைய ஃபார்முலா த்ரீ பட்டத்தைத்தான் யாரும் காட்டுவதில்லை.

அதே மொனாக்கோ, 1982. இப்போது வில்லியம்ஸ் அணி. அந்த அணியின் ஓட்டுநர் ராய்ட்டமான் திடீரென்று விலகியதால் கிடைத்த இடம். மொத்தம் 76 சுற்று, இன்னும் மூன்றுதான் பாக்கி, தூறல். முன்னால் போன ப்ரோஸ்ட் சுவரில் மோதினார். அடுத்து முன்னிலைக்கு வந்த பட்ரேசே வழுக்கிச் சுழன்று நின்றார். அவரைத் தாண்டிய பிரோனி சுரங்கப்பாதைக்குள் நின்றுபோனார். டி சேசரிஸுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. அடுத்த ஆள் யார்? நம் டேலி! ஆனால் அவர் ஏற்கெனவே தடுப்பில் இடித்து, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கையைத் தொலைத்து, கியர்பாக்ஸ் எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று தொடங்கும் முன் கியர்பாக்ஸ் இறுகிவிட்டது. இதற்குள் பட்ரேசேயின் கார் ஆபத்தான இடத்தில் நிற்கிறது என்று ஊழியர்கள் தள்ளிவிட, இறக்கத்தில் உருண்டே எஞ்சின் பிடித்து, அவர் ஜெயித்தும் விட்டார். ஜெயித்தது அவருக்கே உடனே தெரியாது. டேலிக்கு ஆறாவது இடம், ஒரு புள்ளி.

என் உதவி ஆசிரியரின் பட்டியலில் இது வெறும் ‘6’.

இந்த இரண்டு மொனாக்கோவுக்கும் பிபிசியில் வர்ணனை சொன்னவர்களில் ஒருவர் முன்னாள் சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட். ஜெயிக்கிறவர் வருவார் என்று எல்லாரும் கோட்டருகே காத்திருக்கிறோம், யாரும் வருகிற மாதிரித் தெரியவில்லையே என்று 1982இல் அலுத்துக்கொண்டவர் அவர்தான். 1980இல் மாவுக்கட்டுப் போட்ட காலைப் பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் மர்ரே வாக்கரின் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பாட்டில் ஒயினைக் காலி செய்தபடி பேசினாராம். இவர்கள் இருவருக்கும் ஒரே மைக். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்கியதற்காக ஒருமுறை வாக்கர் அடிக்கக் கையை ஓங்கியே விட்டாராம்! நம் செய்திச் சேனல்களின் ராத்திரி விவாதத்துக்கு இந்த ஏற்பாட்டை நான் எத்தனையோ இதழ்களில் பரிந்துரைத்துவிட்டேன். ஆறு பேர், ஒரு மைக். அடிதடி நடந்தால் நடக்கட்டும், ஒருவர் சொல்வதாவது காதில் விழும்.

சரி, டேலி. வில்லியம்ஸில் அவரோடு ஓட்டிய ரோஸ்பெர்க் அதே வருடம் உலக சாம்பியன் ஆனார், டேலி எடுத்தது 8 புள்ளி. இதற்கு அதிர்ஷ்டத்தைக் குறைசொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போனார். 1984இல் மிச்சிகன் ஓவல் தடத்தில் மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினார். காரின் முன்பாதி இல்லாமல் போயிற்று. கால்கள் நொறுங்கி, அறுவை சிகிச்சைக்குமேல் அறுவை சிகிச்சை. அந்தக் காலோடு திரும்பி வந்துதான் செப்ரிங்கில் இரண்டு தடவை ஜெயித்தார். 1992இல் ஓய்வு.

மைக் அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. 1980களின் நடுவிலிருந்தே அமெரிக்க விளையாட்டுச் சேனல் இஎஸ்பிஎன்னில் பேச ஆரம்பித்தார். கார் சுவரை நோக்கிப் போகும்போது ஸ்டியரிங் கையில் எப்படி இருக்கும் என்று சொல்ல, போய் மோதிய ஆள் வேண்டும். தப்பு எங்கே தொடங்கியது என்பது எப்போதும் முதலில் வருகிறவருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. நம் சென்னை கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியது 11 பந்தயம், ஒரு புள்ளியும் இல்லை. இன்று ஸ்கை டிவியில் பிரிட்டிஷ்காரர்களுக்கே பாடம் எடுக்கிறார். டேலி இன்னும் ஒரு படி போய், முழுமையான சாம்பியன் ஓட்டுநர் ஆவது எப்படி என்று புத்தகமே எழுதினார். சிரிக்காதீர்கள், நாலு கல்யாணம் செய்தவர்கள் இல்லறம் பற்றி எழுதுகிற ஊரில் இருக்கிறோம்.

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று முடித்திருப்பேன். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று இன்னொன்றும் இருக்கிறதே. 1980களின் தொடக்கத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் கலந்த ஒரு சொலவடையை டேலி சொல்லியிருக்கிறார். அது 2018 ஆகஸ்டில் செய்தியானது. அயர்லாந்தில் அது சாதாரணமாகப் புழங்கியது, அமெரிக்காவில் அதன் கனம் அப்போது தெரியாது என்று விளக்கி மன்னிப்புக் கேட்டார். அவர் பேசிவந்த இண்டியனாபொலிஸ் டிவி நிலையம் தொடர்பை அறுத்துக்கொண்டது. அது அவர்கள் இஷ்டம். தெரியாமல் சொன்னாலும் அந்தச் சொல் சுடத்தான் செய்யும்.

ஆனால் அதே வாரம் அவர் மகன் கோனர் டேலியின் பந்தயத்துக்குப் பணம் தரவிருந்த மருந்து கம்பெனியும் பின்வாங்கியதே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கோனர் பிறந்தது 1991 டிசம்பரில். அப்பா வாய் தவறியபோது பிள்ளை இந்த உலகத்திலேயே இல்லை. மருந்து விற்கிறவர்களுக்கு வியாதி எது, யாருக்கு என்று தெரிய வேண்டாமா?

கோனர் அந்தப் பந்தயத்தை ஓட்டத்தான் செய்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்ப் பந்தயமான இண்டியனாபொலிஸ் 500இல், 2021இல், மற்ற எவரையும்விட அதிகமாக 40 சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். ஜெயிக்கவில்லை. பாட்காஸ்டிலும் பேசுகிறார். அவரைப் பற்றிய உங்கள் கேள்வியை எப்போது அனுப்பப்போகிறீர்கள்?