பெயர் சொல்லாத ஊசியை மகளுக்குப் போட விடலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள், 3000 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் 11 நிமிடம் 20 விநாடி ஓடியவள், இந்த வருடம் வருவாய் மாவட்டப் போட்டியில் 10 நிமிடம் 35 விநாடியில் முடித்தாள். புதிய மாஸ்டரிடம் சேர்ந்த பிறகுதான் இந்த வேகம். ஆனால் மற்ற பெற்றோர்கள், "அவர் பிள்ளைகள் எல்லாம் மருந்தில் ஓடுகிறவர்கள்" என்று காதுபடப் பேசுகிறார்கள். போட்டிக்கு முந்தைய வாரங்களில் இரண்டு முறை அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார். பி-12 என்று சொன்னாராம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் இருந்து எடுத்தார், தண்ணீர் மாதிரி இருந்தது என்கிறாள் மகள். லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு பவுடரும், களைப்புக்கு ஒரு லேகியமும் கொடுத்திருக்கிறார். கேட்டால், "என் பிள்ளைகள் ஒருவர்கூட டெஸ்ட்டில் மாட்டியதில்லை" என்கிறார். நம்பலாமா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று இருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மாஸ்டர் தவறானவரா என்பது ஒன்று. மகளின் உடம்புக்குள் என்ன போகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காண உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதற்கு விசாரணை வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை கேட்கிற உரிமை தகப்பனாகிய உங்களுக்கு இன்றைக்கே இருக்கிறது. விடை கிடைக்கும்வரை ஊசி, பவுடர், லேகியம் மூன்றையும் நிறுத்துங்கள். இதற்கு மாஸ்டர் குற்றவாளி என்று நிரூபணம் ஆக வேண்டியதில்லை.

முதலில் அந்த ஊசி. பி-12 மருந்து சிவப்பு நிறம். மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். மாதுளைச் சாறு போல ஆம்பூலுக்குள் தெரியும். அதை ஐஸில் வைத்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, வெளிச்சம் படாமல் இருந்தால் போதும். உங்கள் மகள் பார்த்தது நிறமில்லாத, குளிரில் வைக்கப்பட்ட மருந்து. அது இன்னதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். பி-12 என்று சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நெடுந்தூர ஓட்டத்தில் ஐஸ் பெட்டி என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது ஈ.பி.ஓ. என்கிற எரித்ரோபொயட்டின். சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கிற ஹார்மோன் அது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு அதை ஊசியாகப் போடுகிறோம். பல உயிர்களைக் காத்த நல்ல மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைக்க வேண்டும். ஆரோக்கியமான ஓட்டக்காரருக்குப் போட்டால் ரத்தம் கூடுதல் ஆக்ஸிஜனைச் சுமக்கும், கால் சீக்கிரம் களைக்காது. கூடவே ரத்தம் தடிக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்த்து உடம்பு வற்றும்போது இன்னும் தடிக்கும். மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தால் பதக்கம், கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். நான் அஞ்சுவது முதலில் இதைத்தான். தடை எல்லாம் அப்புறம்.

ஆகவே இந்த வாரமே மகளை ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். முழு ரத்த அணுப் பரிசோதனையும், ஃபெரிட்டின் என்கிற இரும்புச் சத்துச் சேமிப்புப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 16-ஐத் தாண்டியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். தலைவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் ஒருபக்க வீக்கம் இருந்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே ஊசியைப் பல பிள்ளைகளுக்குப் போட்டாரா என்றும் மகளிடம் பக்குவமாகக் கேளுங்கள். ஆம் என்றால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் வேண்டும். ஊசி போடுவது பயிற்சியாளரின் வேலையே அல்ல.

அடுத்து ஊர்ப் பேச்சு. 45 விநாடி குறைந்தது என்பதற்காக மட்டும் யாராவது உங்கள் மகளைச் சந்தேகித்தால், அது அநியாயம். 17 வயதில், முறையான பயிற்சி முதன்முதலாகக் கிடைக்கும்போது 3000 மீட்டரில் இவ்வளவு குறைவது சாதாரணம். நம் பெண் பிள்ளைகள் பலர் இரும்புச்சத்துக் குறைவோடுதான் ஓடுகிறார்கள். அதைச் சரிசெய்தாலே வேகம் திடீரென்று கூடும். இரும்பு மாத்திரை தடைசெய்யப்பட்டதல்ல. ஊட்டி போல 2200 மீட்டருக்கு மேலான இடத்தில் சில வாரம் தங்கிப் பயிற்சி எடுத்தாலும் சிவப்பணுக்கள் இயல்பாகவே கூடும். வேகம் கூடியதற்கு இப்படி எத்தனையோ நேர்மையான காரணங்கள் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 1993-ல் பெய்ஜிங்கில் சீனாவின் வாங் ஜுன்ஷியா 10,000 மீட்டர் உலக சாதனையை ஒரே ஓட்டத்தில் 42 விநாடி குறைத்து, 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடினார். உலகத்தின் உச்சியில் அவ்வளவு குறைவது, பள்ளிப் பிள்ளை குறைப்பது போன்றதல்ல. ஆமை ரத்தமும் பூஞ்சைக் கஷாயமும் கடும் பயிற்சியும்தான் காரணம் என்றார் அவருடைய பயிற்சியாளர் மா ஜுன்ரென். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன், ரத்தப் பரிசோதனையில் ஐயம் எழுந்து மாவின் வீராங்கனைகள் பலர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனாலும் வாங்கின் சாதனை 2016 வரை ஏட்டில் நின்றது. ஐயம் தீரவும் இல்லை, நிரூபணம் ஆகவும் இல்லை. உச்சத்தில் ஓடுகிறவர்களைச் சுற்றியுள்ள பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"ஒருவர்கூட மாட்டியதில்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். இது நற்சான்று ஆகாது. குறுவட்ட, வருவாய் மாவட்டப் போட்டிகளில் சிறுநீர் மாதிரி எடுக்க யார் வருகிறார்கள்? உச்ச நிலையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மோ ஃபாரா, கேலன் ரப் போன்ற ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பயிற்றுவித்த ஆல்பர்டோ சலசாருக்கு 2019-ல் 4 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கைமாற்றியது, எல்-கார்னிட்டின் என்ற சத்துப்பொருளை அனுமதித்த அளவுக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றியது, விசாரணையில் தில்லுமுல்லு செய்யப் பார்த்தது ஆகியவை அவர் மீது நிரூபணமான குற்றங்கள். அவருடைய அந்தப் பயிற்சித் திட்டத்தில் இருந்த ஓட்டக்காரர் எவரும் சோதனையில் சிக்கவில்லை. குற்றம் சாட்டப்படவும் இல்லை. மின்னஞ்சல்களும் சாட்சிகளும்தான் பயிற்சியாளரைக் காட்டிக்கொடுத்தன. 2021-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தது.

அங்கே பயிற்சியாளர் மாட்டினார், ஓட்டக்காரர்கள் தப்பினார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நம் இந்தியப் பெண்கள் நால்வரில் மூவர், அடுத்த ஆண்டே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் சத்துப்பொருளில் கலந்திருந்தது என்றார்கள். அந்த உக்ரைன் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீராங்கனைகளுக்கு இங்கே ஓராண்டுத் தடை. சர்வதேச அளவில் மேல்முறையீடு போய் அது இரண்டு ஆண்டாகக் கூடியது. விதி இதுதான்: உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடியவருடையது. யார் கொடுத்தார், தெரிந்து குடித்தாரா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்காது. நம் திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டு கண்டறியப்பட்டு 4 ஆண்டுத் தடை வந்தது, பதக்கமும் போனது. அந்தப் பெண் வறுமையோடு போராடி எவ்வளவு தூரம் வந்தார் என்று அறிந்தவர்களுக்கு இன்றும் அது வலிக்கிறது.

லேபிள் இல்லாத பவுடரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. வேண்டாம். அவித்த முட்டை, நிலக்கடலை, கருப்பட்டி போட்ட பால், பாசிப்பயறு போதும்.

லேகியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்; சித்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நரம்புக்கு வலுவூட்டும் சில மருந்துகளில் சுத்தி செய்த எட்டிக்கொட்டை சேர்கிறது. எட்டியில் உள்ள ஸ்ட்ரிக்னின், போட்டிக் காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியிலேயே ஸ்ட்ரிக்னினும் பிராந்தியும் கொடுத்து ஓடவைத்தார்கள். வென்றார், எல்லையைத் தொட்டதும் சரிந்து விழுந்தார். அன்று தடை இல்லை, இன்று உண்டு. லேகியம் தந்தவரிடம் சேர்மானங்களை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கெட்ட எண்ணமே இல்லாமல், நம் வீட்டிலேயே நடக்கிற இரண்டு காரியங்களும் உண்டு. ஒன்று, களைப்பாக இருக்கிறது என்று கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் விதிமீறல். உள்ளே போவது வெறும் உப்பு நீராக இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரியில் நோய்க்கான சிகிச்சையாக ஏற்றினால் விலக்கு உண்டு. சாதாரண பாட்டில் 500 மில்லி என்பதை நினைவில் வையுங்கள். மற்றொன்று, பெரியவர்களின் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பல மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். சிறுநீரை நீர்க்கச் செய்து மற்ற மருந்துகளை மறைக்கக்கூடியது என்பதால் அதற்குத் தடை. 2024 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் பெண்கள் மாரத்தான் உலக சாதனை படைத்த கென்யாவின் ரூத் செப்ங்கெடிச்சிடம் அடுத்த மார்ச்சில் இதுதான் அகப்பட்டது. வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். 3 ஆண்டுத் தடை கிடைத்தது. வீட்டில் ஆச்சி, தாத்தா மாத்திரைகளை மகளின் பைக்கு அருகில் வைக்காதீர்கள். காய்ச்சல், இருமலுக்கு மருந்து எழுதும்போதே "இவள் போட்டியில் ஓடுகிறவள்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது நாடா, 'நோ யுவர் மெடிசின்' என்ற செயலியை வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைத் தட்டினால் தடை உண்டா என்று காட்டும். ஆஸ்துமா போன்ற நோய்க்கு அவசியமான மருந்து தடைப்பட்டியலில் இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பித்து மருத்துவ விலக்கு வாங்க வழியும் இருக்கிறது.

மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது? மைதானத்தில் நாலு பேர் முன்னால் வேண்டாம். தனியாகப் போய், "மாஸ்டர், பிள்ளைக்குப் போட்ட மருந்தின் பெயர், பேட்ச் எண், எழுதிக்கொடுத்த டாக்டரின் சீட்டு வேண்டும், எங்கள் டாக்டர் கேட்கிறார்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் அன்று மாலையே கொடுத்துவிடுவார். அப்படித் தந்து அது சாதாரண மருந்துதான் என்று தெரிந்தால் அவரைப் பற்றி ஊர் பேசியதை நீங்களும் மறந்துவிடுங்கள். மழுப்பினாலோ, "என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சீறினாலோ, அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மீதமிருக்கிற பவுடரையும் லேகியத்தையும் டப்பாவோடு மூடிப் பத்திரமாக வையுங்கள். ஊசி போட்ட தேதி, இடம், மகள் சொன்ன விவரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு மனிதரின் பிழைப்பு கெடும், சரியாக இருந்தால் அவர் சுதாரித்துக்கொள்வார்.

பெயர் சொல்லாமல் மழுப்பினார் என்றால் நாடாவுக்கு எழுதுங்கள். தகவல் தருகிறவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் 2021 முதல் தனிக் குற்றம். 18 வயதுக்குக் கீழே, பன்னாட்டுப் போட்டியில் ஓடாத பிள்ளைக்கு விதியில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. பெரிய கவனக்குறைவு இல்லை என்று காட்டினால் எச்சரிக்கையோடும் விடலாம், கூடிப்போனால் இரண்டு ஆண்டு. சோதனைக்கு முன் தானாக முன்வந்து சொல்வதும் தண்டனையைக் குறைக்கும். பிள்ளைக்குத் தடைமருந்து கொடுத்த பயிற்சியாளருக்கோ ஆயுள்தடை வரை போகும். மகளுக்கு 18 முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

கல்லூரி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவளைப் போட்டியில் இறக்க வேண்டாம். குடியரசு தினப் போட்டி தவறினாலும் பரவாயில்லை. அதுவரை காலையில் மெதுவாக ஓடட்டும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமோ, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமோ வேறு பயிற்சியாளர் கேளுங்கள். ஃபெரிட்டின் அளவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையின் அளவையும், எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பதையும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்வோம்.