மிஸ் மெக்லௌட் ரீல்: எது அசல், ஏன் இத்தனை வடிவம்?

ஸ்காட்லாந்து ஃபிடில் (வயலின்) மெட்டான மிஸ் மெக்லௌட் ரீலுக்கு (ரீல் என்றால் வேகமான நடனம், அதற்கான மெட்டு) எது அசல் வடிவம், அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஏன் வேறு மாதிரி கேட்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மெட்டு, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எல்லோரும் காட்டும் அச்சு வடிவம் கௌ குடும்பத்தின் ஐந்தாவது தொகுப்பில் இருப்பது, 1809. டன்கெல்டுக்குப் பக்கத்து இன்வர்காரரான நீல் கௌ, அந்தக் காலத்தில் பேர் போன ஃபிடில் கலைஞர், 1807இலேயே இறந்துவிட்டார். புத்தகத்தைக் கொண்டுவந்தது மகன் நதானியேல். அதில் பெயர் 'மிஸஸ் மெக்லௌட் ஆஃப் ராசே'. கூடவே ஒரு குறிப்பு: ஸ்கை தீவு ரீல், மெக்லௌட் கொடுத்தது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கௌ குடும்பம் இதைத் தாங்கள் போட்ட மெட்டு என்று சொல்லவே இல்லை, தீவில் ஏற்கெனவே புழங்கியதை வாங்கி அச்சில் ஏற்றியிருக்கிறார்கள்.

ராசே என்பது ஸ்கைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருக்கும் சின்னத் தீவு. 1773இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அவர் நண்பர் பாஸ்வெல்லும் அங்கே மெக்லௌட் வீட்டில் தங்கினார்கள். தினம் ராத்திரி ஆட்டம்தானாம். பாஸ்வெல் டன் கான் மலையேறி, உச்சியிலும் ஒரு ரீல் ஆடிவிட்டு இறங்கியிருக்கிறார்.

சரி, மெட்டுக்கு வருவோம். அயர்லாந்தில் பரவலாக வாசிக்கும் வடிவத்தை நம் ஸ்வரத்தில் எழுதினால் தொடக்கம் 'ச , க ச ப ச க ச', அடுத்து 'க , க ரி க ம க ரி'. நான்காவது வரியில் 'ரி , ரி ச ரி ம க ரி' என்று ரிஷபத்திலேயே நிற்கும், ஷட்ஜத்தில் வந்து உட்காராது. அதனால் காது மறுபடி முதல் ஸ்வரத்தைக் கேட்கிறது, கையும் தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடுகிறது. மணிக்கணக்கில் ஆடுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வடிவங்கள் பிரிவது சுருதியிலும் வில்லிலும்தான். ஸ்காட்லாந்தில் ஏ (A) சுருதி, பைப் (பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப்) இசைக்கும் அதுவே தோது. ஒன்பதே ஸ்வரம் உள்ள அந்தப் பைப்பில் ஹைலேண்ட் நடனத்துக்கு இன்றும் வாசிக்கிறார்கள். அயர்லாந்தில் ஜி (G), நீளமான ஸ்வரங்களை உருட்டி வாசிப்பார்கள், புல்லாங்குழலுக்கும் வசதி. அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஜி, ஆனால் பாட்டு ஏறிவிட்டது: 'ஹாப் லைட் லேடீஸ்', 'அங்கிள் ஜோ' என்று பெயரும் மாறி, பான்ஜோவோடு சேர்ந்து வில் தாளம் போடுகிற மெட்டாகிவிட்டது.

ஆகவே 1809 புத்தகத்தை அசல் என்றும் மற்றதெல்லாம் திரிபு என்றும் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வாசித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஜியில் தொடங்குங்கள், விரல் சுலபமாக விழும். நிறுத்தும்போது மட்டும் கடைசியில் நீங்களாக ஒரு ஷட்ஜம் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அப்படியே அடுத்த ரீலுக்குத் தாவிவிடலாம்.