‘டேபிள்டு’ என்றால் தாக்கலா, ஒத்திவைப்பா?

நீங்கள் தமிழாக்குவது அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆங்கிலக் கூட்டக்குறிப்பு என்கிறீர்கள். அப்படியானால் ‘தி மோஷன் வாஸ் டேபிள்டு’ என்பதை ‘தீர்மானம் தாக்கல் செய்யப்பட்டது’ என்று போட்டது தலைகீழ். அமெரிக்க வழக்கில் அது பேச்சை நிறுத்தி ஒதுக்கி வைப்பது. ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று மாற்றுங்கள்.

பிரிட்டனிலும் இந்தியாவிலும்தான் அது அவை முன் வைப்பது. நாடாளுமன்றச் செய்திகள் படித்துப் பழகிய கை தானாக அங்கேதான் போகும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் நெடுநேரம் வாதாடினார்களாம்; இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

எந்த நாட்டு ஆவணம் என்று தெரியாவிட்டால் அடுத்த வரிகளைப் பாருங்கள். உடனே விவாதமும் வாக்கெடுப்பும் வந்தால் தாக்கல். விவாதப் பொருள் அடுத்த கூட்டத்துக்குப் போயிருந்தால் ஒத்திவைப்பு. கனடா என்றால் இரண்டும் புழங்கும், எழுதியவரையே கேட்டுவிடுங்கள்.

ஒரு பொறி: ‘ஆன் தி டேபிள்’ என்றால் அமெரிக்காவிலும் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றே பெரும்பாலும் பொருள். ஆகவே ‘கண்டுபிடித்து மாற்று’ கொடுத்து மொத்தமாகத் திருத்தாதீர்கள். ‘வாட்டர் டேபிள்’ வந்தால் அது நிலத்தடி நீர்மட்டம்.