மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இருக்கும் நர்ஸுக்கு ஏன் காய்ச்சல்கூட வருவதில்லை?

கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் சும்மா குடியிருக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத அதன் வகைதான் எம்ஆர்எஸ்ஏ. அந்த மருந்து 1959-இல் வந்தது. 1961-இலேயே பிரிட்டனில் அடங்காத கிருமி பதிவாகிவிட்டது!

சிக்கல் கையில்தான். நர்ஸ் தன்னையறியாமல் மூக்கைத் தொடுகிறார், அதே விரலால் அடுத்த கட்டிலில் டிரிப் ஊசியைச் சரிசெய்கிறார். தோலில் துளை கிடைத்துவிட்டால் கிருமிக்கு அப்புறம் என்ன வேண்டும்? கையுறையை மாற்றாவிட்டால் அதுவும் இதே கதைதான்.

நெதர்லாந்தில் இப்படிப்பட்ட ஊழியரை நோயாளிகள் பக்கம் விடமாட்டார்கள். கிருமியை ஒழிக்க மூக்கில் முபிரோசின் களிம்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் குளியல், சுமார் 5 நாள், பிறகு மறுசோதனை. கடுமைதான், ஆனால் அங்கே எம்ஆர்எஸ்ஏ மிகக் குறைவு. நர்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். பல சமயம் அவருக்கே அது வார்டிலிருந்துதான் வந்திருக்கும்.