தொழிலாளர் இழப்பீட்டு வழக்கறிஞர்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சார், இந்தத் துறைக்கு வர தனிப் படிப்பு ஏதாவது வேண்டுமா? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

வேண்டாம்மா. சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அவ்வளவுதான். 'இழப்பீட்டு வழக்கு நிபுணர்' என்று இங்கே யாரும் சான்று தருவதில்லை. பெயர்ப் பலகையில் அப்படிப் போட்டுக்கொள்ளவும் விதி இடம் தராது. தொழிற்சங்க வழக்கு நடத்தும் சீனியரிடம் சேருங்கள். ஊனச் சான்றிதழையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் வரி விடாமல் படிக்கப் பழகுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

மச்சான் தச்சு வேலை செய்பவர். மெஷினில் கை போய்விட்டது. ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்துக்குத்தான் பணம் வருமா? (திருப்பூர்)

நல்ல வக்கீல் யார் என்பது இந்த இடத்தில்தான் தெரியும். உடம்பில் போனது எவ்வளவு என்பது ஒரு கணக்கு, சம்பாதிக்கும் திறனில் போனது எவ்வளவு என்பது வேறு கணக்கு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் (1976) ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல் போயிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது, எனவே இழப்பு நூறு சதவீதம் என்ற முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மச்சான் எந்த மெஷினில் நின்றார், இரண்டு கையும் எதற்கு வேண்டும் என்று சாட்சியத்தில் விளக்கமாக வர வேண்டும். முதல் சந்திப்பில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வக்காலத்தில் (வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்து வாங்குபவரிடம் போகாதீர்கள்.

வருகிற தொகையில் 25 சதவீதம் வக்கீல் ஃபீஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

கூடாது. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஃபீஸை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். கை போனவரின் பணத்தில் பங்கு கேட்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அண்ணன் கட்டட வேலையில் விழுந்து இறந்துவிட்டார். வயது 30. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை. கான்ட்ராக்டர் இரண்டு லட்சம் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

போடாதீர்கள் தம்பி. இறப்பு இழப்பீட்டை இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் செல்லாது. இறப்புக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். மாதச் சம்பளம் 15,000 என்று வைத்தால், அதில் பாதி 7,500. 30 வயதுக்குச் சட்டம் தரும் அந்த எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். அவர் நீட்டுவது எவ்வளவு என்று பாருங்கள். வேலையைக் கான்ட்ராக்ட் விட்ட முதலாளியும் பொறுப்பாளிதான். மேஸ்திரி அனுப்பிய ஜிபே பதிவு, சைட்டில் எடுத்த போட்டோ, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால்?

பலன் இஎஸ்ஐயில்தான், முதலாளியிடம் இந்த இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது.

வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்களுக்காக ஆஜராகலாம். ஆனால் எதிர்த்தரப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி இருந்தால், குறுக்கு விசாரணை தெரிந்த ஆள் வேண்டும். யாரை வைத்தாலும் சரி, விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள்.